பதினொரு படி வெளிச்சம்

கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பளபளப்புத் தாளில் போட்ட பிரிண்டாகவே இருக்கட்டும். அதில் ஆக வெளுத்த இடம், ஆகக் கறுத்த இடத்தைக் காட்டிலும் சுமார் நூறு மடங்கு வெளிச்சத்தைத்தான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. தாளால் அவ்வளவுதான் முடியும். வெறுந்தாளைவிட வெளுப்பாக அதில் எதுவும் இருக்க முடியாது. எவ்வளவு கறுத்த இடமும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத் திருப்பிவிடும். ஆனால் நல்ல வெயிலில் மலைமேல் போய் நின்றால், பனிமுகட்டின் பளிச்சுக்கும் பாறை இடுக்கின் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது.

கண்ணுக்கு இதில் சிரமம் இல்லை. பனியைப் பார்க்கும்போது பாவை சுருங்குகிறது, நிழலுக்குத் திரும்பினால் விரிகிறது. விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. மூளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குத் தந்துவிடுகிறது. பிலிமுக்கு அந்த வசதி கிடையாது. ஷட்டர் திறந்து மூடும் அந்த ஒரு தடவையில் வந்ததுதான் வரவு.

ஆயிரத்தை நூறுக்குள் எப்படி அடக்குவது? எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றுவது? 1839இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே இந்தக் கேள்வி உண்டு. பெரும்பாலானவர்கள் பழக்கத்தாலும் குத்துமதிப்பாலும் சமாளித்தார்கள். அதை அளந்து, எண்ணாக்கி, யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய முறையாக்கி, அந்த முறையைக் கொண்டே கலையும் செய்து காட்டியவர் அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ். அவர் படங்களை மலையழகுக்காக மட்டும் பார்ப்பவர்கள் பாதியை இழக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்த பிறகு படம் இன்னும் அழகாகிறது.

ஆடம்ஸ் 1902 பிப்ரவரி 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். நாலு வயதில் ஊரையே புரட்டிப்போட்ட 1906 நிலநடுக்கம் வந்தது. முதல் ஆட்டத்தில் தப்பிய பிள்ளை, பிறகு வந்த பின்னதிர்வில் தோட்டத்துச் சுவரில் போய் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டது. அந்த மூக்கு கடைசிவரை கோணலாகவே இருந்தது. மரவியாபாரத்தில் செழித்த குடும்பம் அடுத்த சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை, ஓரிடத்தில் உட்காராத பையன். 12 வயதில் அப்பா சார்லஸ் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைத்தார். 1915இல் அந்த ஊரில் பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சி நடந்தபோது, ஓராண்டு நுழைவுச்சீட்டு வாங்கிக் கையில் கொடுத்து, தினமும் போய்ப் பார்த்துவா, இந்த வருஷம் அதுவும் பாடம்தான் என்று அனுப்பினார். மகனின் தன்மை அறிந்து வழிவிட்ட அந்தத் தகப்பனை இந்தக் கதையின் முக்கியமான மனிதர்களில் ஒருவராக நான் வைப்பேன்.

அதே 12 வயதில் பையனுக்குப் பியானோ பிடித்துக்கொண்டது. பள்ளியில் உட்கார முடியாதவன் பியானோ முன் மணிக்கணக்கில் உட்கார்ந்தான். ஒரு விரல் கட்டையை எவ்வளவு விசையோடு தொட்டால் ஒலி எவ்வளவு எழும்பும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தான். மேடைக் கலைஞராவதுதான் லட்சியம். இடையில் 1916இல் குடும்பம் விடுமுறைக்கு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனது. அங்கே பெற்றோர் கையில் கொடுத்தது ஒரு கோடக் பாக்ஸ் பிரௌனி காமிரா. அதன்பின் யோசெமிட்டி அவரை விடவில்லை. 1919இல் சியரா கிளப் என்ற மலை ஆர்வலர் அமைப்பில் சேர்ந்தார். கோடையில் பள்ளத்தாக்கில் அந்த கிளப்பின் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, மற்ற மாதங்களில் பியானோ. இரண்டில் எது என்ற தீர்மானம் வருவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த இழுபறியின் நடுவில்தான் 1927 ஏப்ரல் 10 வருகிறது.

பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில் ஹாஃப் டோம் நிற்கிறது. சுமார் 8.7 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் இறுகிய கருங்கல் வகைப் பாறை. தரையிலிருந்து ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம். ஒரு பக்கம் உருண்ட குவிமாடம், மறு பக்கம் வெட்டிவிட்டாற்போல் செங்குத்துச் சுவர். அந்தச் சுவரை நேருக்கு நேர் பார்க்கும்படி, பள்ளத்தின் விளிம்பில் டைவிங் போர்டு என்றொரு பாறைத்திட்டு துருத்திக்கொண்டிருக்கிறது. பனி கிடந்த சரிவில், முதுகில் காமிரா மூட்டையோடு ஆடம்ஸ் அங்கே ஏறினார். நண்பர்களும், பின்னாளில் அவர் மணந்துகொண்ட வர்ஜீனியா பெஸ்ட்டும் உடன் வந்தார்கள். மூட்டையில் 12 கண்ணாடி பிளேட்டுகள். ஒவ்வொன்றும் ஆறரைக்கு எட்டரை அங்குலம். வழியில் எடுத்ததும் வீணானதும் போக, உச்சியில் நின்றபோது மிச்சம் இரண்டு.

சுவர் வடமேற்கைப் பார்த்தது. முற்பகலில் முழுக்க நிழல். நண்பகல் கடந்து வெயில் மெல்ல அதன்மேல் சாயும்வரை காத்திருந்து, லென்ஸில் மஞ்சள் ஃபில்டரைப் போட்டு ஒரு பிளேட்டை எடுத்தார். ஊர் வழக்கப்படி அது சரியான முடிவு. மஞ்சள் ஃபில்டர் வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் அடக்கும், மேகமும் பாறையும் இயல்பாக வரும். ஆனால் ஷட்டர் மூடிய கையோடு அவருக்கு உறைத்தது: இந்தப் பிரிண்ட் எப்படி வரும் என்று தெரிகிறது, வானம் மிதமான சாம்பலாக இருக்கும், பாறை நன்றாகவே இருக்கும், ஆனால் இங்கே நிற்கும்போது நெஞ்சை அழுத்துகிறதே ஒரு கனம், அது அதில் இருக்காது. மிச்சமிருந்த ஒரே பிளேட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரைப் பூட்டினார். அந்த ஃபில்டர் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 16 மடங்கு கூடுதல் நேரம் கொடுத்தாக வேண்டும். ஐந்து விநாடி திறந்துவைத்தார்.

இங்கே இயற்பியல் என்ன செய்தது என்று பார்ப்போம். சூரிய ஒளி காற்றுக்குள் நுழையும்போது காற்றின் மூலக்கூறுகள் அதைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கிடுகிடுவென ஏறும். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. 400 நானோமீட்டர் ஊதா ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பொளியைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறுகிறது. நமக்கு வானம் என்று தெரிவது இந்தச் சிதறல்தான். அதனால் அதில் நீலம் மிகுதி, சிவப்பு சொற்பம். சிவப்பை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியை லென்ஸின் முன் வைத்தால் வானத்திடம் கொடுப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அது கறுத்துவிடுகிறது. மலைமேல் காற்று மெலிந்து, தூசும் குறைந்து நீலம் இன்னும் சுத்தமாக இருப்பதால் அங்கே இந்த விளைவு இன்னும் கூடும்.

அதோடு முடியவில்லை. நிழல் என்பது முழு இருட்டு அல்ல. வெயில் படாத பாறையின் மேல் வானத்தின் நீல ஒளி விழுந்துகொண்டிருக்கிறது. சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தையும் தடுக்கிறது, நிழலும் ஆழமாகிறது. பனியோ எல்லா நிறத்தையும் சமமாகத் திருப்புவது, வெயில் பட்ட பனி வெள்ளையாகவே நிற்கிறது. ஒரே கண்ணாடித் துண்டு வானத்தைக் கறுப்பாக்கி, நிழலை ஆழமாக்கி, பனியைத் தொடாமல் விட்டது. ‘மோனோலித், தி ஃபேஸ் ஆஃப் ஹாஃப் டோம்’ என்ற அந்தப் படத்தில் பாறைச்சுவர் கரிய வானத்தின் முன் எழுந்து நிற்கிறது. அன்று அப்படியொரு வானத்தை யாரும் அங்கே பார்க்கவில்லை. அங்கே நின்றவர்களுக்கு நேர்ந்த உணர்வு மட்டும் அதில் இருக்கிறது.

இது நடப்பதற்கு இன்னொரு கண்டுபிடிப்பும் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டியிருந்தது. பழைய பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. வெள்ளி உப்புகள் தம்மளவில் நீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் மசியும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டு நிலக்காட்சிகளில் வானம் வெறும் வெள்ளையாகக் கிடக்கும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், சாயங்களைச் சேர்த்தால் மற்ற நிறங்களையும் அந்த உப்புகள் உணரும் என்று கண்டார். அந்த வழியில் எல்லா நிறமும் உணரும் பேன்குரோமேட்டிக் பிளேட் பின்னாளில் வந்தது. ஆடம்ஸின் மூட்டையில் இருந்தது அதுதான். நம் ஊர் ஸ்டூடியோக்களின் இருட்டறையில் சிவப்பு பல்பு எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிரிண்ட் போடும் தாளுக்கு இன்றும் சிவப்பு தெரியாது, அதனால் அந்த வெளிச்சத்தில் வேலை செய்யலாம். பேன்குரோமேட்டிக் பிலிமைக் கழுவும்போது அந்த பல்பையும் அணைத்தாக வேண்டும்.

பியானோவா காமிராவா என்ற கேள்விக்கு 1930இல் பதில் கிடைத்தது. நியூ மெக்சிகோவின் டாவோஸில் பால் ஸ்ட்ராண்ட் என்ற மூத்த புகைப்படக் கலைஞரைச் சந்தித்தார். ஸ்ட்ராண்டிடம் அப்போது காட்டுவதற்குப் பிரிண்டுகள் இல்லை. நெகட்டிவ்களைத்தான் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒளியும் நிழலும் தலைகீழாகக் கிடந்த அவற்றைப் பார்த்தே, இனி காமிராதான் என்று ஆடம்ஸ் முடிவு செய்துவிட்டார். இசை கற்றவர் ஸ்வரக் குறிப்பைப் படித்தே பாட்டைக் கேட்டுவிடுவார் அல்லவா, அதைப் போன்ற பயிற்சி அவர் கண்ணுக்கும் அதற்குள் வந்திருக்க வேண்டும். நெகட்டிவ் ஸ்வரக் குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்ற பொருளில் பிற்காலத்தில் அவரே அடிக்கடி பேசினார்.

1932இல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம், வில்லர்ட் வான் டைக் முதலானவர்களோடு சேர்ந்து ஆடம்ஸ் தொடங்கிய ‘குரூப் எஃப்/64’ என்ற குழு, சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தது. அப்போது புகைப்படத்தை ஓவியம்போல் மங்கலாக்கி மெருகேற்றுவதுதான் கலை என்று நம்பப்பட்டது. இவர்கள் அதற்கு நேர் எதிர். லென்ஸின் துவாரத்தை எவ்வளவு சிறிதாக வைக்கிறோமோ அவ்வளவு தூரம் காலடிக் கூழாங்கல்லிலிருந்து தொலைமலைவரை கூர்மையாக வரும். எஃப்/64 என்றால் துவாரத்தின் விட்டம் லென்ஸின் குவியத்தூரத்தில் 64இல் ஒரு பங்கு; 300 மில்லிமீட்டர் லென்ஸில் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய காமிராவில் கூர்மைக்குக் கொடுத்த விலை நேரம். காற்றில் இலை அசைந்தால் படம் போச்சு.

இனி கணக்குக்கு வருவோம். 1939-40 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸின் ஆர்ட் சென்டர் பள்ளியில் பாடம் நடத்தியபோது, உடன் ஆசிரியராக இருந்த ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ஆடம்ஸ் ‘சோன் சிஸ்டம்’ என்ற முறையை வகுத்தார். கும்மிருட்டிலிருந்து வெறுந்தாளின் வெள்ளைவரை பதினொரு படிகள், பூஜ்யம் முதல் பத்து வரை. படி ஒன்று ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு. ஐந்தாம் படி நடுச்சாம்பல். விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்புவது. மூன்றாம் படியில் நிழல் இருக்கும், ஆனால் நிழலுக்குள் மரப்பட்டையின் சொரசொரப்பும் தெரியும். ஏழாம் படியில் பளிச்சென்றிருக்கும், ஆனால் பனியின் பொருக்கு மறையாது. வெள்ளையர் தோலை ஆறாம் படியிலும் கறுத்த தோலை ஐந்தாம் படியிலும் அவர் அட்டவணை வைத்தது. ஆறாம் படியையே எல்லா மனிதருக்கும் பொதுவென்று எடுத்துக்கொண்டால் நம் முகங்கள் வெளிறித்தான் வரும்.

இந்த முறை எதற்கு என்றால், லைட் மீட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கும் எக்ஸ்போஷரைத்தான் சொல்லும். பனியைக் காட்டினால் பனி சாம்பலாகும், கரியைக் காட்டினால் கரியும் சாம்பலாகும். மீட்டர் சொல்வது பதில் இல்லை, அளவு மட்டுமே. அந்த அளவை எந்தப் படியில் உட்கார்த்துவது என்று தீர்மானிக்க வேண்டியவர் எடுப்பவர். கச்சேரியில் பாடகர் தன் குரலின் எல்லை அறிந்து கட்டையை வைத்துக்கொள்வது இதே காரியம்தான். ஷட்ஜத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் மற்ற ஸ்வரங்கள் தாமாகத் தத்தம் இடத்தில் போய் விழும். நிழலை மூன்றாம் படியில் நிறுத்தினேன் என்றால், அதைவிட 16 மடங்கு பிரகாசமான பனி தானே ஏழில் விழும். 128 மடங்கு என்றால் பத்தில் விழுந்து விவரமெல்லாம் வெளுத்துப்போகும்.

வெளுத்துப்போகாமல் இருக்க ஒரு வழி மிச்சம் இருக்கிறது. பாடகருக்கு ஸ்வரங்களுக்கிடையே உள்ள தூரத்தைச் சுருக்க முடியாது. பிலிம் கழுவுபவருக்கு முடியும். பிலிமின் ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடின் நுண்படிகங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் வெள்ளி அணுக்கள் நாலைந்து மட்டும் ஓரிடத்தில் கூடும். கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ தெரியாத அந்தச் சிறு கூட்டம்தான் புகைப்படத்தின் விதை. டெவலப்பரில் முக்கியதும், விதை விழுந்த படிகம் மட்டும் முழுவதுமாக வெள்ளியாகிறது. அதிலிருக்கும் நூறு கோடிக்கணக்கான அணுக்களும் அந்த நாலைந்தின் பின்னால் போகின்றன. எவ்வளவு யோசித்தாலும் எனக்கு இதன் வியப்பு தீர்வதில்லை.

நிழல் விழுந்த இடத்தில் விதைகள் கொஞ்சம். அவை சீக்கிரமே விளைந்து முடிந்துவிடும். பளிச்சென்ற இடத்தில் விதைகள் ஏராளம். நேரம் ஆக ஆக வெள்ளி சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நிழலுக்குத் தேவையான வெளிச்சத்தைக் காமிராவில் கொடு, பளிச்சென்ற இடத்துக்குத் தேவையான நேரத்தை டெவலப்பரில் கொடு. கழுவும் நேரத்தைக் குறைத்தால் மேல் படிகள் கீழிறங்கும், நீட்டினால் மேலேறும், நிழல் பெரிதாக அசையாது. மலையில் நின்று எக்ஸ்போஷர் தீர்மானிக்கும்போதே இருட்டறையின் கடிகாரத்தையும் தீர்மானித்துவிட வேண்டும். படத்தை மனசுக்குள் முழுசாகப் பார்த்த பிறகே ஷட்டரைத் தொட வேண்டும் என்று அவர் மாணவர்களுக்குச் சொன்னதில் மாயம் எதுவும் இல்லை.

அந்தக் கணக்கு எவ்வளவு வேகமாக ஓடக்கூடியது என்பதற்கு 1941இன் ஒரு மாலை சாட்சி. அமெரிக்க உள்துறை அமைச்சகம் சுவரோவியத் திட்டம் ஒன்றுக்காக அவரை அமர்த்தியிருந்தது. மகன் மைக்கேலும் நண்பர் செட்ரிக் ரைட்டும் காரில் இருந்தார்கள். நியூ மெக்சிகோவில் பகல் முழுக்க எடுத்தது எதுவும் திருப்தியில்லாமல் சான்டா ஃபேக்குத் திரும்பும் வழியில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் பக்கம் பார்வை போனது. கிழக்கே பனிமலைத் தொடருக்கு மேல் வளர்பிறை நிலா. கீழே ஒரு சிறு தேவாலயம், அதை ஒட்டிய கல்லறைத் தோட்டம். முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்த சூரியனின் கடைசிக் கதிர் வெள்ளைச் சிலுவைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முக்காலியைக் கொண்டா, பிலிமைக் கொண்டா என்று கத்தினார். எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய காமிரா. எல்லாம் வந்து சேர்ந்தது, லைட் மீட்டர் மட்டும் அகப்படவில்லை.

அப்போது கைகொடுத்தது நிலா. நிலா வேறொன்றுமில்லை, வெயிலில் கிடக்கும் கரும்பாறை. அதன்மேல் விழும் சூரிய ஒளி மாறுவதில்லை என்பதால் தெளிந்த வானில் அதன் பிரகாசமும் ஏறக்குறைய மாறாத எண்: சதுர அடிக்கு 250 கேண்டில். அது ஆடம்ஸுக்கு மனப்பாடம். நிலாவை ஏழாம் படியில் வைத்தார். அப்படியானால் ஐந்தாம் படியில் விழுவது அதில் கால் பங்கு, சுமார் 60. பிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் எட்டு. எஃப்/8 துவாரத்தில் அறுபதில் ஒரு விநாடி என்பது சூத்திரம். அடர்மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு கூட்டினால் இருபதில் ஒரு விநாடி. முன்னும் பின்னும் கூர்மையாக வர எஃப்/32 வேண்டும். அதன் விட்டம் எட்டின் விட்டத்தில் கால், பரப்பு 16இல் ஒரு பங்கு, ஆக நேரம் 16 மடங்கு. முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. ஒரு விநாடி கொடுத்தார்.

பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று பிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளின் மேலிருந்து வெயில் போய்விட்டது. உலகம் அறிந்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ படத்துக்கு இருப்பது அந்த ஒரே நெகட்டிவ்தான்.

அதுவும் சுலபமான நெகட்டிவ் அல்ல. நிலாவைக் காப்பாற்றியதில் முன்நிலம் மெலிந்துவிட்டது. பிலிமை டெவலப்பரிலும் அசையாத தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கிக் கழுவினார். தண்ணீரில் இருக்கும்போது, பளிச்சென்ற இடத்தில் ஊறியிருந்த ரசாயனம் சீக்கிரம் தீர்ந்து அங்கே வேலை நின்றுவிடும். நிழலில் மட்டும் மெல்ல நடந்துகொண்டிருக்கும். அப்படியும் போதவில்லை. 1948இல், திரும்ப எடுக்கவே முடியாத அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் மறுபடி ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியைக் கூட்டினார். கை நடுங்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும். பிரிண்ட் போடும்போது சிலுவைகள் பக்கம் வெளிச்சத்தைக் கையால் மறைத்து, வானத்துக்கு மேலும் மேலும் கொடுத்துக் கறுப்பாக்குவார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலத்தில் போட்டவற்றில் அவை இருட்டில் கரைந்து, நிலா தனியாக நிற்கும். அந்த ஒரு நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். எனக்குப் பிந்திய பிரிண்டுகள்தான் பிடிக்கும். முந்தியவை ஒரு மாலையைக் காட்டுகின்றன, பிந்தியவை அந்த ஊரின் தனிமையைக் காட்டுகின்றன.

எண்களில் இவ்வளவு கறாரானவர் தேதிகளில் அலட்சியம். அந்தப் படத்துக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டு குறித்துவைத்தார். கடைசியில் வானியலாளர்கள் கையில் எடுத்தார்கள். எந்த இடத்தில் காமிரா நின்றது, எந்த மலைக்கு மேல் எத்தனை பாகையில் நிலா, அதில் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்தால் நாளும் நேரமும் கிடைத்துவிடும். டேவிட் எல்மோர் முதலில் 1941 அக்டோபர் 31 என்று கணக்கிட்டார். 1991இல் டென்னிஸ் டி சிக்கோ இடத்தைத் திருத்திப் போட்டுக் கணக்கிட்டதில் வந்தது நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம்.

அதேபோல் டெக்சாஸின் வானியலாளர் டொனால்ட் ஓல்சன், யோசெமிட்டியின் கிளேசியர் பாயிண்டிலிருந்து ஆடம்ஸ் எடுத்த ‘ஆட்டம் மூன்’ படத்தை 1948 செப்டம்பர் 15 மாலை என்று நிறுவினார். அந்தக் காட்சி அப்படியே 2005 செப்டம்பர் 15 அன்று திரும்ப வரும் என்றும் சொன்னார். இடைவெளி 57 ஆண்டுகள், மூன்று பத்தொன்பது. 19 ஆண்டுகளில் 235 சந்திர மாதங்கள் ஏறக்குறைய மிச்சமில்லாமல் அடங்கிவிடுகின்றன. பத்தொன்பதாவது வயதில் நட்சத்திரப் பிறந்தநாளும் தேதிப் பிறந்தநாளும் ஒட்டி வருகிறதே, அதே கணக்கு. அன்று கிளேசியர் பாயிண்டில் கூடியவர்களின் முன், படத்தில் இருந்த அதே மலைக்குமேல் நிலா வந்தது.

இத்தனை கறார் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், முதலில் காட்டுவதற்கு ஒரு காடு இருக்கிறது. சியரா மலைத்தொடரின் கிங்ஸ் கேனியன் பகுதியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று சியரா கிளப் போராடியபோது ஆடம்ஸ் தன் பிரிண்டுகளோடு 1936இல் வாஷிங்டன் போனார். 1938இல் ஜான் மியூர் பாதையைப் பற்றிய அவரது படநூல் வெளிவந்து, உள்துறை அமைச்சர் ஹெரால்ட் இக்கிஸ் வழியாக அதிபர் ரூஸ்வெல்ட்டின் கைக்குப் போனது. 1940இல் பூங்கா அமைந்தது. படம் மட்டுமே அதைச் செய்யவில்லை, ஆனால் அந்த மலையைப் பார்த்தே இராதவர்களுக்கு அதைப் பார்க்கவைத்தது படம்தான்.

அவர் காட்டில் மனிதர்கள் இல்லை என்ற குறையையும் சொல்லியாக வேண்டும். யோசெமிட்டி ஆளில்லாத ஆதிநிலம் அல்ல. அங்கே காலங்காலமாக அவாநீச்சி மக்கள் வாழ்ந்தார்கள்; 1851இல் ஆயுதப்படை வந்து அவர்களை விரட்டியது. அந்தச் சுவடு அவர் நிலக்காட்சிகளில் தெரியாது. ‘வின்டர் சன்ரைஸ்’ படத்தில், லோன் பைன் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் குன்றின்மேல் சுண்ணாம்பால் எழுதிவைத்த இரண்டு பெரிய எழுத்துகளை அவர் அழித்தே விட்டார். ஆனால் அதே லோன் பைனுக்குப் பக்கத்தில்தான் மன்சனார் முகாம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் பத்தாயிரம் பேர் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். 1943இல் அங்கே போய் அவர்கள் முகங்களை நெருக்கத்தில் எடுத்தார். 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ‘பார்ன் ஃப்ரீ அண்ட் ஈக்வல்’ என்று புத்தகமாகப் போட்டார். பின்னர் அந்தப் படங்களை நாடாளுமன்ற நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். மலையை எடுத்த அதே பொறுமையோடு எடுத்த முகங்கள் அவை.

1981இல் ‘தி நெகட்டிவ்’ நூலைத் திருத்தி வெளியிட்டபோது, அடுத்த பெரிய மாற்றம் மின்னணுப் படத்தில் வரும் என்று முன்னுரையில் ஆவலோடு எழுதினார். அதைப் பார்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை. 1984 ஏப்ரல் 22 அன்று காலமானார். 2002இல் எரிக் ரைன்ஹார்டும் உடன் பணியாற்றிய மூவரும் கணினிக்கு ஒரு வழிமுறை எழுதினார்கள். அளவுக்கு மீறிய ஒளிவேறுபாடு உள்ள காட்சியைச் சாதாரணத் திரைக்குள் அடக்கும் வழிமுறை. அதற்கு அவர்கள் வெளிப்படையாகவே ஆடம்ஸின் சோன் சிஸ்டத்தை அடிப்படையாகக் கொண்டார்கள். இருட்டறையில் கையால் வெளிச்சத்தை மறைப்பதையும் கூட்டுவதையும்கூட நிரலாக்கினார்கள். வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சேர்த்துத் தரும் இன்றைய செல்பேசிகள் செய்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான். ரைன்ஹார்டின் நிரல் முதலில் காட்சி முழுவதற்கும் ஒரு சராசரி வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கிறது. பிறகு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், அதற்கு 0.18 என்ற மதிப்பைக் கொடுக்கிறது. அது ஐந்தாம் படி.